மீண்டும் புறப்படும் காலம்: கட்டுப்பாடுகள் தளர்ந்த பின் பயணமும் உறவாடலும் – நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் ஒரு விளக்கம்

கோவிட்-19 பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச் இறுதியில் தொடங்கிய கட்டுப்பாடுகள், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பெரும்பாலும் விலக்கிக்கொள்ளப்பட்டன. தமிழ்நாட்டில் இரவு நேர ஊரடங்கு 2022 ஜனவரி 28 முதல் நீக்கப்பட்டது. பிப்ரவரி 1 அன்று பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டன. வழக்கமான பன்னாட்டு விமானப் போக்குவரத்து மார்ச் 27 அன்று தொடங்கியது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசு பிறப்பித்திருந்த கட்டுப்பாடுகள் மார்ச் 31 உடன் முடிவுக்கு வந்தன.

தாமிரபரணிக் கரையில் வாழும் குடும்பங்களுக்கு இது வெறும் அறிவிப்பு அன்று. கொற்கை, ஏரல், ஆத்தூர், ஸ்ரீவைகுண்டம் போன்ற ஊர்களில் ஒருவரேனும் சென்னையிலோ மும்பையிலோ வளைகுடா நாட்டிலோ இல்லாத குடும்பங்கள் குறைவு. பாண்டியரின் துறைமுகமாகவும் முத்துக்குப் பெயர் பெற்ற ஊராகவும் விளங்கிய கொற்கைக்கு ஒரு காலத்தில் கடல் வழியே உலகம் வந்து சேர்ந்தது. ஆறு கொண்டுவந்த வண்டல் படிந்து கடல் விலகிப்போன பின்பும், வெளியூர் சென்று பிழைப்பதும் விழாவுக்கு ஊர் திரும்புவதும் இப்பகுதியின் வாழ்க்கை முறையாகவே இருந்துவந்தன. அந்தப் போக்குவரத்து இரண்டு ஆண்டுகள் நின்றுபோயிருந்தது. 2020 ஏப்ரல் 6 அன்று வந்த பங்குனி உத்திரத்தன்று குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குச் செல்லும் வழக்கம் தடைபட்டது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் நடைபெறவில்லை.

கட்டுப்பாடுகள் நீங்கியதும் பலரும் ஊருக்குச் செல்லவும் உறவினரைக் காணவும் ஆவலோடு இருந்தார்கள். அதே வீட்டில் நீரிழிவு, இதய நோய், சிறுநீரக நோய், புற்றுநோய் போன்றவற்றுக்குச் சிகிச்சை பெறுபவர் இருந்தால், ஆவலோடு அச்சமும் சேர்ந்துகொள்கிறது. “அம்மாவை அழைத்துச் செல்லலாமா?”, “வருபவர்களை வீட்டுக்குள் விடலாமா?” என்ற கேள்விகள் எழுகின்றன. இவற்றுக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. எனினும் பெரும்பாலான நோயாளிகள் வெளியே செல்லலாம், உறவினரைச் சந்திக்கலாம், அது அவர்கள் நலத்துக்குத் தேவையும்கூட. செய்ய வேண்டியது, ஒரே நாளில் பழைய நிலைக்குத் தாவாமல் படிப்படியாகத் திரும்புவதே.

வீட்டுக்குள் இருந்த காலம் உடலில் செய்த மாற்றம்

தொற்றே வராதவர்களின் உடலும் அந்த இரண்டு ஆண்டுகளில் மாறியது. சந்தைக்கும் கோயிலுக்கும் வயலுக்கும் நடந்துகொண்டிருந்த முதியவர் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டால், அவருடைய தொடை, கெண்டைக்கால் தசைகள் மெலிகின்றன. உடலின் சமநிலை குறைகிறது. உட்கார்ந்து எழும்போது இரத்த அழுத்தம் சட்டெனக் குறைந்து தலைசுற்றல் ஏற்படக்கூடும். 2020 தொடக்கத்தில் பேருந்துப் படியில் தாமாக ஏறிய ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே படியில் தடுமாறி விழக்கூடும். அது முதுமையின் குற்றம் மட்டும் அன்று. நடமாட்டம் குறைந்ததன் விளைவு. பயிற்சியால் இதைப் பெருமளவு மீட்டெடுக்க முடியும்.

ஆகவே பயணத்துக்கு நாள் குறித்தவுடன், அதற்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே நடைப்பயிற்சியைத் தொடங்குங்கள். முதல் வாரம் காலையிலும் மாலையிலும் வெயில் தாழ்ந்த நேரத்தில் 5 முதல் 10 நிமிடம் தெருவில் நடந்தால் போதும். ஒவ்வொரு வாரமும் சில நிமிடங்களைக் கூட்டுங்கள். நடந்துகொண்டே இயல்பாகப் பேச முடிந்தால் வேகம் சரியாக உள்ளது என்று கொள்ளலாம். பேச்சு மூச்சால் தடைபட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். கைப்பிடி உறுதியான நாற்காலியிலிருந்து எழுந்து மீண்டும் அமர்வதை, ஒருவர் அருகில் நிற்க, நாளுக்கு சில முறை செய்வது கால்களை வலுப்படுத்தும்.

கோவிட் வந்து குணமடைந்த பின்பும் சிலருக்குக் களைப்பு, மூச்சுத்திணறல், மறதி, கவனக் குறைவு ஆகியவை நீடிக்கின்றன. தொற்று தொடங்கி மூன்று மாதங்களுக்குப் பின்னும் இத்தகைய அறிகுறிகள் இருந்து, அவை குறைந்தது இரண்டு மாதங்கள் நீடித்து, வேறு காரணமும் புலப்படாவிட்டால், அதனை உலகச் சுகாதார நிறுவனம் கோவிட்டுக்குப் பிந்தைய நிலை என்று குறிப்பிடுகிறது. இவர்களில் சிலருக்கு, ஒரு நாள் அதிகமாக உழைத்தால் அடுத்த இரண்டு மூன்று நாட்கள் படுக்கையை விட்டு எழ முடியாத அளவுக்குக் களைப்பு கூடும். அவர்களை “முயன்றால் முடியும்” என்று வற்புறுத்தக் கூடாது. வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, இடையிடையே ஓய்வெடுத்துச் செய்வதே அவர்களுக்கு ஏற்ற வழி. பயணத்துக்கு முந்தைய நாளையும் பிந்தைய நாளையும் ஓய்வுக்காக ஒதுக்கி வையுங்கள்.

யாருக்கு எவ்வளவு எச்சரிக்கை தேவை?

நோய் கட்டுக்குள் உள்ளவர்கள்: நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்றவற்றுக்கு மருந்து உட்கொண்டு, அண்மைப் பரிசோதனைகளில் அளவு சீராக இருந்தால், வழக்கமான முன்னெச்சரிக்கைகளுடன் பயணம் செய்யலாம்.

முதலில் மருத்துவரைக் காண வேண்டியவர்கள்: பொது முடக்கக் காலத்தில் பரிசோதனைக்கே செல்லாமல் பழைய சீட்டைக் காட்டி மருந்து வாங்கிவந்தவர்கள், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ அறுவை சிகிச்சையோ கண்டவர்கள், படுத்தால் மூச்சுத் திணறுபவர்கள், கால் வீக்கம் உள்ளவர்கள் ஆகியோர் பயணத்துக்கு முன் ஒருமுறை மருத்துவரைக் காண வேண்டும். தள்ளிப்போன பரிசோதனையை முதல் பயணமாகக் கொள்வது நல்லது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டத்தைத் தவிர்க்க வேண்டியவர்கள்: புற்றுநோய்க்கு மருந்தேற்றும் சிகிச்சை பெறுபவர்கள், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், நீண்ட நாளாக ஸ்டீராய்டு போன்ற மருந்துகளை உட்கொள்பவர்கள் ஆகியோருக்கு நோய் எதிர்ப்புத் திறன் குறைவாக இருக்கலாம். தடுப்பூசி போட்டிருந்தாலும் அவர்கள் உடல் அதற்குப் போதிய அளவு எதிர்வினை காட்டாமல் போகக்கூடும். இவர்களுக்குப் பயணமே கூடாது என்பதில்லை. தேர்த் திருவிழாவுக்குப் பதிலாக நான்கு பேர் அமரும் திண்ணை, நெரிசலான பேருந்துக்குப் பதிலாகச் சன்னல் திறந்த வாகனம் என்று மாற்றிக்கொள்ளலாம்.

எல்லோரும் இரண்டு தவணைத் தடுப்பூசியையும் முடித்திருக்க வேண்டும். 2022 ஏப்ரலில், இரண்டாம் தவணை போட்டு 9 மாதங்கள் கடந்த, 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் அரசு மையங்களில் முன்னெச்சரிக்கைத் தவணை போட்டுக்கொள்ள முடிந்தது. 2022 ஏப்ரல் 10 முதல் 18 வயதுக்கு மேற்பட்ட மற்றவர்களும் தனியார் மையங்களில் இதனைப் பெற அனுமதிக்கப்பட்டனர். வீட்டில் நோயாளி இருந்தால், அவரோடு சேர்த்து அவரைப் பராமரிப்பவர்களும் தடுப்பூசி போட்டிருப்பது முக்கியம்.

தள்ளிப்போன துக்கம் விசாரித்தல்

பலருடைய முதல் பயணம் விழாவுக்கானது அன்று. 2021 மே மாத முழு முடக்கத்தின்போது இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூட அனுமதி இல்லை. தொற்றால் இறந்தவர்களின் உடல்கள் பொதியப்பட்டு நேரே இடுகாட்டுக்கோ சுடுகாட்டுக்கோ கொண்டுசெல்லப்பட்டன. பலர் தாயின் முகத்தையும் தமையனின் முகத்தையும் கடைசியாகக் காணவில்லை. துக்கம் கேட்கச் செல்லாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. காலம் கடந்துவிட்டதே, இனிப் போய் என்ன சொல்வது என்ற கூச்சத்தால் சிலர் செல்லாமலே இருக்கிறார்கள்.

செல்லுங்கள். காலம் கடந்த வருகையும் ஆறுதல் தரும். இழந்தவர்கள் தனித்திருந்தே அழுதிருக்கிறார்கள். அந்த அழுகையைப் பகிர்ந்துகொள்ள ஆள் இல்லாமல் போனதே அவர்களுடைய பெரிய வேதனை. முன்கூட்டியே தெரிவித்துவிட்டுச் செல்லுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அவர் வாழ்ந்த நாட்களை நினைவுகூருங்கள். எந்த மருத்துவமனை, யார் கவனிக்கவில்லை என்ற கேள்விகளை நீங்களாகத் தொடங்க வேண்டாம். அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். “முன்னமே அழைத்துப் போயிருக்கலாமே” என்ற சொல்லைத் தவிர்க்க வேண்டும். தொற்று தம்மிடமிருந்துதான் அவருக்குப் பரவியதோ என்ற குற்ற உணர்வைச் சுமப்பவர் அந்த வீட்டில் இருக்கலாம். எவரும் விரும்பித் தொற்றைக் கொடுப்பதில்லை. இருமலோ காய்ச்சலோ வரும் முன்பே தொற்று பிறருக்குப் பரவக்கூடும் என்பதை அவருக்குப் பொறுமையாகச் சொல்லலாம்.

கட்டிப்பிடித்து அழுவது நம் வழக்கம். அந்த நேரத்தில் அதைத் தடுக்க முடியாது; தடுக்கவும் வேண்டாம். இருவரும் முகக்கவசம் அணிந்துகொண்டு, அடைத்த அறையை விட்டு முற்றத்திலோ திண்ணையிலோ அமர்ந்தால் ஆபத்து குறையும். உங்களுக்குக் காய்ச்சலோ இருமலோ இருந்தால் அந்தப் பயணத்தைச் சில நாட்கள் தள்ளிவையுங்கள். ஆடி அமாவாசையன்று ஆற்றங்கரையில் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்யும் குடும்பங்கள், முறையாக விடைகொடுக்க முடியாமல் போன ஒருவருக்காக இவ்வாண்டு சேர்ந்து நின்று அதைச் செய்வதும் மனத்துக்கு அமைதி தரலாம்.

பேருந்திலும் தொடர்வண்டியிலும்

பயணத்தின்போது நோயாளிகள் மருந்தையோ தண்ணீரையோ நிறுத்திவிடுவதுண்டு. வழியில் கழிப்பறை இருக்காது என்பதே அதற்குக் காரணம். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை அன்று மட்டும் விட்டுவிடுவோரும், பெண்களில் பலர் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் புறப்படுவதும் நாம் அறிந்ததே. சித்திரை வெயிலில் இது உடலில் நீர் வற்றச் செய்யும். சிறுநீர்த் தொற்றுக்கும் மயக்கத்துக்கும் வழிவகுக்கும். இதய நோயாளி அம்மாத்திரையை விட்டால் நுரையீரலில் நீர் சேரலாம். அன்றைய நாளுக்கு மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். முடிந்தால் கழிப்பறை உள்ள தொடர்வண்டியைத் தேர்ந்தெடுங்கள். பேருந்தானால் வழியில் எங்கு நிற்கும் என்று கேட்டறிந்து புறப்படுங்கள். இதய நோயாலோ சிறுநீரக நோயாலோ தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் மருத்துவர் சொன்ன அளவைப் பின்பற்ற வேண்டும்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் அமர்ந்து பயணம் செய்தால் கால் இரத்த நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ வருபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோயாளிகள், கர்ப்பிணிகள், கடும் கோவிட் தொற்றிலிருந்து அண்மையில் மீண்டவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். எழ முடியாவிட்டால் குதிகாலையும் முன்பாதத்தையும் மாறிமாறி உயர்த்தித் தாழ்த்துங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் உணவு நேரம் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்ட பின் பேருந்து தாமதமானால் சர்க்கரை குறைந்து வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஏற்படலாம். கையில் எப்போதும் சர்க்கரை வைத்திருங்கள். அறிகுறி தோன்றினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்தும் சரியாகாவிட்டால் மீண்டும் குடித்து, பின் உணவு உண்ண வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியசில் வைத்திருக்க வேண்டும். பயணத்தில் குளிர்காக்கும் பையில் எடுத்துச் செல்லுங்கள். பனிக்கட்டியில் நேரடியாகப் படும்படி வைக்க வேண்டாம், உறைந்த இன்சுலின் பயன்படாது. வெயில் படும் சன்னலோரத்திலும் பூட்டிய காரிலும் வைக்கக் கூடாது. மருந்துகளைப் பெரிய பெட்டியில் இட்டு மேலே ஏற்றிவிடாமல் கைப்பையில் வையுங்கள். பயண நாட்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக மருந்தும், மருந்துச் சீட்டின் நகலும் உடனிருக்கட்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் செல்லும் ஊரில் இடம் உறுதியான பிறகே புறப்பட வேண்டும். ஒரு முறைகூடத் தவறக் கூடாது.

கோயில், ஆறு, அருவி

நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் நண்பகலில் கோயில் கல்தரையில் வெறுங்காலுடன் நடந்தால், சுடுவது தெரியாமலே கொப்புளம் ஏற்படும். கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல், விரலையே இழக்கும் நிலைக்குச் செல்வதுண்டு. அவர்கள் வழிபாட்டைக் காலை அல்லது மாலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். திரும்பியதும் பாதங்களைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்குகள் உட்பட முழுமையாகப் பார்க்க வேண்டும். தமக்குக் குனிந்து பார்க்க முடியாவிட்டால் வீட்டில் உள்ளவர் பார்க்கட்டும்.

தாமிரபரணியில் நீராட ஆசைப்படுவது இயல்பே. ஆறாத புண், சிறுநீர்க் குழாய், டயாலிசிஸ் குழாய் ஆகியவை உள்ளவர்கள் ஆற்றிலோ கடலிலோ இறங்கக் கூடாது; கரையில் அமர்ந்து கொண்டுவந்த சுத்தமான நீரில் முகம் கழுவிக்கொள்ளலாம். வலிப்பு நோய் உள்ளவர்கள் முட்டளவு நீரிலும் தனியே குளிக்கக் கூடாது. இரவுப் பயணத்தால் தூக்கம் கெட்டாலும், மாத்திரை ஒரு வேளை தவறினாலும் வலிப்பு வரலாம். ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலச் சாரலுக்குச் செல்லும்போது, கழுத்தெலும்புத் தேய்மானம், காதுச் சவ்வில் துளை, இதய நோய் உள்ளவர்கள் அருவி நேரே தலையில் விழும்படி நிற்க வேண்டாம்.

வீட்டுக்கு வரும் விருந்தினர்

நோயாளி செல்ல முடியாத இடத்தில், உறவினர் அவரிடம் வருகிறார்கள். ஒரே நாளில் பதினைந்து பேர் வருவதைவிட, நாளுக்கு இரண்டு மூன்று பேர் வருவது நோயாளிக்கு நல்லது. களைப்பும் குறையும், ஒவ்வொருவரிடமும் பேசவும் முடியும். வருபவர்களிடம், “காய்ச்சல், சளி இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள்” என்று முன்கூட்டியே சொல்வதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. இதைச் சொல்லும் பொறுப்பை நோயாளியின் மீது சுமத்தாமல் வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். சன்னல்களைத் திறந்து வையுங்கள். வருபவர்கள் கை கழுவிய பின் நோயாளியின் அருகில் செல்லட்டும்.

வருபவர்கள் அல்வாவோடு வருவார்கள். அன்பை மறுக்க வேண்டியதில்லை; அளவைக் குறைக்கலாம். கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்ற நம்பிக்கை இப்பகுதியில் உண்டு. அது சரியன்று, கருப்பட்டியும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றில் உள்ள உப்பு இதய, சிறுநீரக நோயாளிகளுக்குக் கேடு செய்யும்.

இரண்டு வயதுக் குழந்தை, செல்பேசித் திரையில் மட்டுமே கண்டிருந்த ஆச்சியை முதன்முறை நேரில் காணும்போது அழுது ஒதுங்கலாம். ஆச்சி மனம் வருந்த வேண்டாம். சில நாட்கள் ஒரே வீட்டில் இருந்தால் குழந்தை தானே அருகில் வரும்.

நோய் முற்றியவர்களுக்கு

நோய் முற்றிய நிலையில் உள்ளவர்களுக்கு ஆபத்தைக் கணக்கிடும் முறை வேறு. “எல்லாம் சரியான பிறகு போகலாம்” என்று தள்ளிவைக்கும் காலம் அவர்களுக்கு இல்லாமல் இருக்கலாம். பிறந்த ஊரை ஒருமுறை பார்க்க வேண்டும், வெளிநாட்டிலிருக்கும் மகனைக் காண வேண்டும் என்பது அவர்களின் விருப்பமானால், தொற்று வரும் வாய்ப்பை மட்டும் எண்ணி அதனை மறுப்பது சரியாகாது. அவர் என்ன விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள். வலி மருந்து, வழியில் உதவி, அருகிலுள்ள மருத்துவமனை ஆகியவற்றை மருத்துவருடனும் வலி நிவாரணச் சிகிச்சைக் குழுவினருடனும் பேசித் திட்டமிட்டால், இத்தகைய பயணங்களில் பலவற்றைப் பாதுகாப்பாகச் செய்ய முடியும்.

வெளியே வர அஞ்சும் மனம்

தடை நீங்கிய பின்பும் சிலர் வாசலைத் தாண்ட மறுக்கிறார்கள். கூட்டத்தைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறது. யாரேனும் இருமினால் உடல் நடுங்குகிறது. இரண்டு ஆண்டுகள் வெளியே போகாதீர்கள் என்று கேட்டுப் பழகிய மனம் உடனே மாறாது. இதைக் கோழைத்தனம் என்று பழிக்கக் கூடாது. முதல் நாள் வாசலில் நிற்பது, அடுத்து தெருமுனை வரை செல்வது, பிறகு கூட்டமற்ற நேரத்தில் கடைக்குச் செல்வது, அதன் பின் ஒரு நிறுத்தம் வரை பேருந்தில் செல்வது என்று சிறுசிறு படிகளாகப் பழகினால் அச்சம் குறையும். ஒரு படி எளிதாகும் வரை அதையே சில முறை செய்து, பிறகு அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

தனிமை நீடிப்பது முதியோருக்கு மனச்சோர்வையும் நினைவாற்றல் குறைவையும் அதிகரிக்கக்கூடும். இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமின்மை, உணவில் விருப்பமின்மை, எதிலும் நாட்டமின்மை நீடித்தாலும், வாழ விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னாலும் உடனே மருத்துவ உதவி நாட வேண்டும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சிகிச்சை பெறலாம். தொலைபேசி வழி ஆலோசனைக்கு 104, முதியோர் உதவிக்கு 14567 ஆகிய எண்களை அழைக்கலாம்.

மறதி நோய் உள்ளவரை முதலில் பழகிய, கூட்டமற்ற இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் சட்டைப் பையில் பெயரும் உங்கள் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். விழாக் கூட்டத்தில் ஒரு நொடியும் தனியே விடக் கூடாது.

பராமரிப்பாளர்களுக்கு

அந்த இரண்டு ஆண்டுகளில் வீட்டுக்கு வரும் உதவிகள் நின்றுபோயின. நோயாளியைக் குளிப்பாட்டுவதும் மருந்து கொடுப்பதும் இரவில் விழித்திருப்பதும் பெரும்பாலும் ஒருவர் மீதே விழுந்தன. பல வீடுகளில் அவர் ஒரு பெண். ஊர் திரும்பும் உறவினர்கள் நோயாளியை நலம் விசாரிப்பதோடு நின்றுவிடாமல், “இந்த இரண்டு நாட்கள் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் சென்று வாருங்கள்” என்று சொல்வது பெரிய உதவியாகும்.

நீங்கள் பராமரிப்பாளரானால், அதைக் கேட்டுப் பெறவும் தயங்க வேண்டாம். மருந்து நேரங்கள், உணவு, அவசரத் தொலைபேசி எண்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போதே மற்றவர் அரைநாள் செய்து பழகட்டும். பிறகு தாய்வீட்டுக்கோ கோயிலுக்கோ சென்று வாருங்கள். நோயாளியை விட்டுவிட்டு மகிழலாமா என்ற எண்ணம் எழலாம். ஓய்வு பெற்றவரால்தான் தொடர்ந்து நன்றாகக் கவனிக்க முடியும்.

உடனே மருத்துவ உதவி நாட வேண்டிய நிலைகள்

பின்வரும் அறிகுறிகள் தோன்றினால் பயணத்தை நிறுத்தி 108-ஐ அழையுங்கள் அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்:

- நெஞ்சு வலி, தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி
- ஓய்வாக இருக்கும்போதும் மூச்சுத்திணறல், அல்லது ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழ் செல்லுதல்
- முகம் ஒரு பக்கம் கோணுதல், கை கால் செயலிழத்தல், பேச்சுக் குழறல்
- ஒரு காலில் மட்டும் வலியுடன் வீக்கம்
- குழப்பம், நினைவிழத்தல், நீடிக்கும் வலிப்பு
- மருந்தேற்றும் சிகிச்சை பெறுபவருக்குக் காய்ச்சல். இவருக்குக் காய்ச்சல் ஒன்றே அவசர நிலை

ஊர் திரும்பிய பின் ஒரு வாரத்துக்குள் காய்ச்சல், தொண்டை வலி, சுவை அல்லது வாசனை இழப்பு தோன்றினால் பரிசோதனை செய்துகொண்டு, முடிவு தெரியும் வரை நோயாளியிடமிருந்து விலகியிருங்கள்.

இந்த வாரம் தொடங்கக் கூடியவை

முதலில் தடுப்பூசித் தவணைகளைச் சரிபார்த்து, தள்ளிப்போன பரிசோதனையை முடியுங்கள். தெருமுனை வரை நடக்கத் தொடங்குங்கள். பார்க்க வேண்டியவர்களின் பெயர்களை எழுதி, அவர்களில் முதலில் காண வேண்டியவர் யார் என்று நோயாளியிடம் கேளுங்கள். அவருக்குத் தொலைபேசியில் பேசி, இருவருக்கும் ஏற்ற ஒரு நாளைக் குறியுங்கள். நாள் குறித்துவிட்டால், அதுவரை நடக்கும் ஒவ்வொரு நடைக்கும் ஒரு காரணம் இருக்கும்.